தொட்டிக்காரியின் ஸ்பாய்லர்

அட்டைப்பெட்டியைக் கிழித்து, குமிழித்தாளை உரித்து, உள்ளே இருந்த கறுப்புச் சாமானை என் தங்கை புருஷன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபோது, நான் ஒரு குளியல் தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையில் துணி, மூக்கில் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. அந்தக் கோலத்தில் இருக்கும் மனுஷியிடம் பேச வருகிறவர் முதலில் நல்லா இருக்கீங்களா என்றாவது கேட்பார். இவர் கேட்கவில்லை. சாமானின் இரண்டு முனையையும் பிடித்து வில் மாதிரி வளைத்தார்.

"எப்படி வளையுது பாருங்கக்கா! உடையவே உடையாதாம்."

"வளையுதே, அதுதான் மாப்ள கோளாறே," என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

எங்கள் வீட்டில் அவருக்கு ஆஃபர் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார். பாதி விலை என்று எழுதியிருந்தால் பாம்பைக்கூட வாங்கி வந்துவிடுவார். மற்றபடி தங்கமான மனுஷன். அன்றைக்கு அவர் வாங்கி வந்தது காரின் முன் பம்பருக்குக் கீழே பொருத்தும் ஸ்பாய்லர். வேகமாகப் போகும்போது காற்று வண்டியின் மூக்கைத் தூக்கிவிடாமல் தரையோடு அமுக்கிப் பிடிக்க வேண்டியது அதன் வேலை. பெட்டியின் மேல் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. எல்லார் காலுக்கும் பொருந்தும் என்று ஒருவன் செருப்பு விற்றால் வாங்குவோமா? ஆனால் காருக்கு என்றால் வாங்குகிறார்கள்.

கார் அவருடையது இல்லை, என் தங்கையுடையது. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். காலையில் ஆறு மணிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மாலை வரை முப்பதைத் தாண்டாத வேகம். கியருக்குப் பதில் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறவர்கள், நாயைக் கண்டால் கண்ணை மூடுகிறவர்கள், இடது வலது மறந்துபோகிறவர்கள், எல்லாரையும் ஒரு கூடுதல் பிரேக்கை நம்பிக் கரை சேர்க்கிறாள். பத்து வருஷமாக இப்படி மெதுவாகவே போனதில் அவளுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய ரேஸ் வண்டி ஒன்றை, பெயின்ட் உரிந்து, ஒரு கதவு வேறு நிறத்தில் இருந்ததை, வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு பந்தயத் தளத்துக்குப் போய் ஓட்டுகிறாள். ஓட்டிவிட்டு வரும் நாள் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படி இருந்ததில்லை.

அந்தத் தளத்தை நடத்தும் கிளப், வருஷத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு தேர்வு வைக்கும். ஒவ்வொருவருக்கும் மூன்று சுற்று. மூன்றில் எது குறைந்த நேரமோ அதுதான் கணக்கு. முதல் ஆறு பேர் அடுத்த வருஷம் கிளப் அணியில் ஓட்டலாம். போன வருஷம் இவள் ஏழாவது, ஆறாவது ஆளுக்கும் இவளுக்கும் அரை வினாடி. அந்த அரை வினாடி எங்கே போனது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேர்ச்சாலை முடிகிற இடத்தில் வலது பக்கம் ஒரு நீண்ட வளைவு. அங்கே நுழையும்போது வண்டியின் மூக்கு லேசாகிவிடும். "ஸ்டியரிங்ல ஒண்ணுமே இருக்காதுக்கா, வெறும் தட்ட பிடிச்சிருக்கற மாதிரி இருக்கும்" என்பாள். பயத்தில் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடும். போனது போனதுதான்.

இந்த வருஷத் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. நான் தொட்டியை விட்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கை வண்டியின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டினால் இரண்டு ஓரமும் விலகியது. ஓரத்தை அமுக்கினால் நடு பிதுங்கியது. "ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் குடுத்திருக்கான்க்கா," என்றார் ஆஃபர்.

"நான் செஞ்சு தர்றேன்," என்றேன். "இந்த வண்டிக்குன்னே, இவளுக்குன்னே."

சின்னவள், என் தங்கைதான், வண்டியின் மேல் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஆஃபருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஸ்கூட்டரின் முன்பக்கம் உடைந்தபோது, கடையில் வாங்காதே, நான் ஃபைபரில் செய்கிறேன் என்று ஜம்பமாகச் செய்து கொடுத்தேன். மூன்றாவது நாள் மெயின் ரோட்டில், டிரைவிங் ஸ்கூல் வாசலில், அவளிடம் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க, அது அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே விழுந்தது. அவள் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாள் பேசாமல் இருந்து, சரியாகியிருக்கும். அவள் திட்டவில்லை. அதற்குப் பிறகு என் பட்டறையில் எதுவும் கேட்கவும் இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி, குளியல் தொட்டி, பஸ் சீட்டு என்று செய்து கொடுக்கிறேன். என் கூடப் பிறந்தவள் ஒரு சோப்பு டப்பாவுக்குக்கூட என்னிடம் வந்ததில்லை. எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"ரெண்டையும் வச்சுக்கோ. ஓட்டிப் பாரு. எது நிக்குதோ அத மாட்டிக்கோ," என்றேன்.

"சரி," என்றாள். என்னைப் பார்த்து இல்லை, வண்டியைப் பார்த்து.

மறுநாளே வண்டியைப் பட்டறைக்குள் விட்டுக்கொண்டேன். முதல் வேலையாகச் சின்னவளை ஹெல்மெட்டோடு உள்ளே உட்காரச் சொன்னேன். டேங்க் நிறையப் பெட்ரோல், நாலு சக்கரத்திலும் பந்தயத்துக்கு வைக்கிற அளவு காற்று. "அளவெடுக்கறதுக்கு ஆள் எதுக்குக்கா?" என்று ஆஃபர் கேட்டார். வண்டி காலியாக நிற்கும்போது ஒரு உயரம், ஆள் ஏறினால் ஒரு உயரம். சட்டையைக் கொடியில் தொங்கவிட்டு அளவெடுக்கிற தையல்காரரிடம் நீங்கள் துணி கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

பிறகு பம்பரின் அடிவிளிம்பில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஈரக் களிமண்ணை விரல் விரலாக உருட்டித் தொங்கவிட்டேன். எல்லாம் தரையைத் தொடுகிற நீளம். டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் போய், பந்தயத்தில் ஓட்டுகிற மாதிரியே வேகமாக வந்து, பிரேக்கை அழுத்தி வலது பக்கம் திருப்பி, அப்படியே இருபது தடவை செய்துவிட்டு வரச் சொன்னேன். வந்ததும் தரையில் படுத்துப் பார்த்தேன். பிரேக் அடிக்கும்போது மூக்கு எவ்வளவு இறங்குகிறது என்று களிமண் தேய்ந்த கணக்கே சொல்லிவிடும். வலது பக்கம் நாலு விரல் மிச்சம். நடுவில் மூன்றரை. இடது ஓரத்தில் இரண்டரை விரல்தான் மிஞ்சியிருந்தது. தளத்தில் பெரிய வளைவெல்லாம் வலது பக்கம், வண்டி சாய்வது இடது பக்கம். அதோடு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே திருப்புகிற பழக்கம் என் தங்கைக்கு இருக்கிறது. பத்து வருஷம் பக்கத்து சீட்டில் பிரேக் மேல் காலை வைத்தே உட்கார்ந்திருந்தவள் வேறு எப்படி ஓட்டுவாள்?

ஆக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற எந்த ஸ்பாய்லரும் இவளுக்கு ஆகாது. இடது ஓரம் ஒரு விரல் மேலே ஏறி வளைய வேண்டும். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் படுத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். ஆஃபர் எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

வண்டியின் மேலேயே டேப் ஒட்டி, பிளைவுட்டை வெட்டி வைத்து, பட்டி பூசி, தேய்த்துத் தேய்த்து ஸ்பாய்லருக்கு ஒரு மாதிரி வடிவம் செய்தேன். ஒரு சாண் அகலத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, இடது ஓரம் லேசாக உதட்டைச் சுழித்த மாதிரி. அந்த மாதிரியின் மேல் அச்சு எடுத்தேன். அச்சுக்குள் கண்ணாடி நாரை அடுக்கி ரெசின் என்கிற பிசினை ஊற்றினால் சாமான் தயார். ஆனால் அதற்கு முன்னால் அச்சுக்கு மெழுகு பூச வேண்டும். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பூசி, காயவிட்டு, துடைத்து, மறுபடி பூச வேண்டும். மெழுகு குறைந்தால் சாமான் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பூச்சுக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். இருபது வருஷத்தில் ஒரு தொட்டிகூட ஒட்டியதில்லை.

இது ஒட்டியது.

வியாழக்கிழமை மத்தியானம் சாமானை அச்சிலிருந்து எடுக்க இடுக்கில் ஆப்பை அடித்து நெம்பினேன். வலது பக்கம் பளிச்சென்று விட்டது, நடுவும் விட்டது, இடது ஓரம் அசையவே இல்லை. தண்ணீர் ஊற்றினேன், ரப்பர் சுத்தியலால் தட்டினேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். பிறகுதான் உறைத்தது. நான் மெழுகு பூசுவது வலமிருந்து இடம். ஒவ்வொரு தடவையும் இடது ஓரத்துக்கு வரும்போது அந்தச் சுழிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ரசித்து, அந்த ரசிப்பிலேயே திரும்பிச் சுவரில் கோட்டைப் போட்டிருக்கிறேன். எந்த இடத்துக்காக இவ்வளவு பாடுபட்டேனோ அந்த இடத்துக்கு மட்டும் மெழுகே படவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், கையெல்லாம் ரெசின், முடியில் ஒட்டிக்கொண்டது.

இனி இரண்டில் ஒன்றை உடைக்க வேண்டும். சாமானை உடைத்தால் அச்சு மிஞ்சும், ஆனால் இன்னொன்று செய்து காயவைக்க நாள் கிடையாது. அச்சை உடைத்தால் சாமான் மிஞ்சும், ஆனால் உலகத்திலேயே அந்த ஒன்றுதான். கையில் பிடித்து அறுக்கிற கிரைண்டரை எடுத்து அச்சைக் கீற்றுக் கீற்றாக அறுக்க ஆரம்பித்தேன். கை ஒரு நூல் இறங்கினால் சாமானும் சேர்ந்து போய்விடும். அப்போது பார்த்து வாசலில் சின்னவள் வந்து நிற்கிறாள், ஸ்கூல் சட்டையோடு, கழுத்தில் விசிலோடு. அவள் கண்ணில் பட்டது உடைந்த ஃபைபர் துண்டுகளும் நடுவில் நானும். இவள் திரும்பிப் போய்விடுவாள், போய் அந்தப் பிளாஸ்டிக்கை டேப் போட்டு ஒட்டிக்கொள்வாள், இந்த ஜென்மத்துக்கு இனி என் வாசலை மிதிக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் உள்ளே வந்தாள். "உடைஞ்சிருமா?" என்று கேட்டாள்.

"உடையாது."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வருவது அதுதான் முதல் தடவை. நான் கிரைண்டரை அணைத்தேன்.

"போன தடவ ரெசின் இறுகறதுக்கு ஊத்துற மருந்த அளந்து ஊத்தல. கண் மதிப்புல ஊத்திட்டேன். நமக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு. ஓட்டுனது நீ, அசிங்கப்பட்டது நீ. தப்பு என்னோடதுடி. இந்தத் தடவ ஒவ்வொரு சொட்டும் தராசுல நிறுத்து ஊத்தியிருக்கேன்."

அவள் விசிலைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, சாமானின் இரண்டு பக்கத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். "ம், அறு," என்றாள். அவள் விரலுக்குப் பக்கத்தில் கத்தி சுற்றுகிறது, அவள் கையை இழுக்கவில்லை. ஒரு மணி நேரம் அறுத்தேன். கடைசிக் கீற்று டொப்பென்று விழுந்தபோது அவள் கையில் என் ஸ்பாய்லர் முழுசாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லி வெளியே போய் முகம் கழுவினேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் சுற்றுக்கு அவள் மாட்டிக்கொண்டது ஆஃபருடையதைத்தான். "உன்னோடது ஒண்ணுதான் இருக்கு. மொதச் சுத்துலயே ஏதாவது ஆயிட்டா?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு முகம் செத்துப்போனது. என் சாமானைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டிகள் நிற்கிற கொட்டகையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகையிலிருந்து அந்த வலது வளைவு தெரியாது. நடுவில் டயர் சுவர். சத்தம் மட்டும்தான் கேட்கும். வண்டி நேர்ச்சாலையில் ஓங்கிக்கொண்டே போனது, வளைவில் சத்தம் சட்டென்று இறங்கியது, கூடவே தடதடவென்று ஒரு அடி. திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் இடது ஓரத்தில் பிய்ந்து, தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. எந்த ஓரம் என்று நான் யாருக்கும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் ஐம்பத்து நாலு வினாடி. அணிக்குள் வர ஐம்பத்திரண்டுக்குக் கீழே வேண்டும்.

ஆஃபர் மிச்சமிருந்த பிளாஸ்டிக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். "அக்கா, குடுங்க," என்று கையை நீட்டினார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எதற்கு வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

மாட்டியதும் கிளப்பின் பரிசோதகர் வந்தார், தொப்பியும் சிடுசிடுப்புமாக ஒரு பெரியவர். உயரம் சரியாக இருக்கிறதா என்று மரக்கட்டையை அடியில் தள்ளிப் பார்த்தார். பூட்ஸ் நுனியால் உதைத்துப் பார்த்தார். "கோணலா இருக்கே?" என்றார்.

"கோணல் இல்லீங்க, அளவு," என்றேன்.

"இதுக்கு முன்னால எந்தெந்த வண்டிக்குச் செஞ்சிருக்கீங்க?"

"வண்டிக்கு இதுதான் மொத. குளிக்கிற தொட்டி நெறைய செஞ்சிருக்கேன்."

பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பரிசோதகர் சிரிக்காமல் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. சிரிங்கடா, சிரிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று. நேர்ச்சாலையில் சத்தம் ஓங்கியது, வளைவில் மறுபடியும் இறங்கியது. கொஞ்சம்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்பது. அவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை பாடு? சின்னவள் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். ஹெல்மெட்டுக்குள் அவள் கண் மட்டும்தான் தெரிந்தது.

"புடிக்குதுக்கா," என்றாள். "மூக்கு கல்லு மாதிரி உக்காந்திருக்கு. பயந்தது நான்தான். கால எடுத்துட்டேன்."

"எடுக்காத," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு அவள் போனபோது நான் எழுந்து டயர் சுவர் ஓரமாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வண்டி என்னைத் தாண்டிப் போவது காலடி மண்ணிலேயே தெரிந்தது. சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. வளைவு வந்துவிட்டது, இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அது இறங்கவே இல்லை. ஒரே நூலாக, ஒரு முடிச்சில்லாமல், அந்தச் சத்தம் வளைவு முழுவதும் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. நான் அந்த இடத்திலேயே குதித்தேன். ஐம்பது வயசுக்காரி, கால் வலிக்காரி, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். "காலை எடுக்கலடி! எடுக்கவே இல்லடி!" என்று யாருக்கோ கத்தினேன். பலகையில் எழுதுகிறவர் எழுதுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நிமிஷம் ஐம்பது புள்ளி நாலு வினாடி. ஆறு பேருக்குள் வந்தால் போதும் என்று வந்தவள் மூன்றாவது.

ஆஃபர் என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, அதற்குப் பதில் பரிசோதகரைக் கட்டிப்பிடித்தார். வண்டி கொட்டகைக்கு வந்து, முன்சக்கரம் இரண்டையும் சாய்வுப் பலகையின் மேல் ஏற்றி நின்றதும் காலையில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் என்னிடம் நேராகப் பேசவில்லை. முதலில் ஒருவர் குனிந்து பார்த்தார். பிறகு முட்டி போட்டார். பிறகு சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தார்த்தரையில் மல்லாந்து படுத்து, தலையை ஸ்பாய்லருக்கு அடியில் நுழைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். பரிசோதகர் தொப்பியைக் கழற்றி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்தார். வண்டிக்கு முன்னால் நாலைந்து ஜோடி பூட்ஸ் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தது. "இந்த எடது பக்கம் ஏன் இப்படி ஏறுது?" என்று அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆஃபர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ தானே களிமண் உருட்டிய மாதிரி, கையை ஆட்டி விளக்க ஆரம்பித்தார்.

சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, நிற்க முடியாமல், பூட்ஸ்களுக்கு நடுவே இடம் பார்த்து, என் ஸ்பாய்லரின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"அடியே, எந்திரி! அது மேலயா உக்காருவ?"

அவள் காதில் வாங்கவில்லை. பம்பரில் முதுகைச் சாய்த்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். அடியில் படுத்திருந்தவர்களில் ஒருவர், "காலைக் கொஞ்சம் எடுத்துக்குங்க, வெளிச்சம் மறைக்குது," என்றார். அவள் குடிப்பதை நிறுத்தாமல், இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி அந்தரத்தில் நீட்டிக்கொண்டாள்.